புனே நகரில் பந்தியின் கதை

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கோட்டை கொத்தளங்களையும், ஆண்ட மன்னரையும், நிகழ்ந்த போர்களையும் பற்றியே எழுதுவர். அவ்வாறு எழுதுதற்குரிய சிறப்புப் புனே நகருக்கு நிரம்ப உண்டு. ஆயினும் பிழைப்பு நாடி வந்து குடியேறிய நம் போன்றோர்க்கு இந்நகரம் முதன்முதல் அறிமுகமாவது சனிவார்வாடாவின் வாயிலாக அன்று. ரயில் நிலையத்திற்கு வெளியே ஏதேனும் ஒரு தேநீர்க் கடையின் பலகை வாயிலாகவேயாம். மொழி தெரியாது; தெருத் தெரியாது; உறவினர் முகவரி மட்டும் சட்டைப்பையில் இருக்கும். அந்நிலையில் காசு கொடுத்தால், யார் எவர் என்று வினவாது, அமரச் சொல்லி உணவிடும் ஓர் இடம் இருக்கின்றதே, அதன் அருமையை வெளியூர் வந்தவனே அறிவான்.

அந்த இடம் தானாக உண்டாகிவிடவில்லை. யார் சமைத்ததை யார் உண்பது, யாருக்கு அருகில் யார் அமர்வது என்னும் வினாக்களோடு இந்நகரம் நூறாண்டுகளுக்கு மேலாகப் போராடியிருக்கின்றது. அந்தப் போராட்டத்தின் கதையைக் கசார்வாடியில் வாழும் தமிழர் அறிந்திருத்தல் நலம் என்று கருதி, நம் சங்கத்தின் ஆண்டு மலரில் அதனைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

சோறு விற்காத காலம்

பண்டை நாளில் மதுரை போன்ற பெருநகரங்களின் கடைத்தெருவில் அப்பமும் அடையும் விற்கப்பட்டன என்பதை மதுரைக்காஞ்சி முதலிய நூல்களால் அறிகின்றோம். எனினும் பிற்காலத்தே, சமைத்த சோற்றை விலைக்கு விற்பது இழிவு என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியிருந்தது. வழிச் செல்வோர்க்குச் சோறிடுவது அறம்; அதனை விற்பது அறமன்று என்று கருதினர். ஆகவே உணவு விடுதிகள் தோன்றுமுன் சத்திரங்களே இருந்தன.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். புனேயும் சூபேயும் ஷாஜி போன்ஸ்லேயின் ஜாகீராக இருந்தவை. அவருடைய புதல்வரும், சிவாஜிக்கு மாற்றாந்தாய் மகனான உடன்பிறப்புமாகிய ஏகோஜி, 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையின் அரசரானார். 1855 வரை அவர் மரபு தஞ்சையில் நிலைத்தது. நாம் ரயிலேறிப் புனேவுக்கு வந்ததற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே மராத்தியர் நம் காவிரிக் கரைக்கு வந்து குடியேறிவிட்டனர் என்க. அவர்கள் கட்டிய சத்திரங்களுள் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் புகழ் வாய்ந்தது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில் தஞ்சையிலிருந்த ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் எல்லாச் சாதியார்க்கும் எல்லாச் சமயத்தார்க்கும் உணவு வழங்கப்படுவதைப் பெருமையோடு குறிப்பிட்டார். அம்மன்னர் பெயரால் அமைந்த ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்னும் மராத்திச் சமையல் நூல் தஞ்சைச் சரசுவதி மகாலில் பாதுகாக்கப்பட்டு வந்ததும் அறியத் தக்கது.

புனேயிலோ பேஷ்வாக்களின் காலத்தில் சிராவண மாதந்தோறும் வேதம் வல்ல அந்தணர்க்குத் தட்சிணை வழங்கும் பெருவிழா நிகழ்ந்தது. பேஷ்வா ஆட்சி மறைந்த பின்னும் கல்வியின் பொருட்டு ஏழை மாணவர் இந்நகருக்கு வந்தவண்ணம் இருந்தனர். அவர்களுள் பலர் வீடுதோறும் சென்று ‘மாதுகரி’ பெற்று உண்டனர். வேறு சிலர் கிழமைக்கு ஒரு வீடு என்று ஏழு வீடுகளை ஏற்படுத்திக்கொண்டு ‘வாரம்’ உண்டனர். நம் பக்கத்து வாரச் சாப்பாடும் இதுவே. கொடுப்போர் மனம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் கொடுக்கும் வீடும் உண்ணும் மாணவனும் பெரும்பாலும் ஒரே குலத்தைச் சார்ந்திருத்தல் வேண்டும். உணவு எல்லார்க்கும் உண்டு என்பது ஓர் அறம். ஒரே பந்தி எல்லார்க்கும் உண்டு என்பது வேறோர் அறம். முன்னதை நம் முன்னோர் செய்தனர். பின்னது பிறக்கக் காலம் தாழ்த்தது.

ஒரு குவளைத் தேநீரால் விளைந்த வழக்கு

எவ்வளவு தாழ்த்தது என்பதற்கு 1890ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் புனேயில் நிகழ்ந்த ஒரு செய்தி சான்றாகும். அந்நாளில் பஞ்சஹௌத் என்னும் பகுதியிலிருந்த கிறித்தவ மிஷன் பள்ளிக்கு நகரத்துப் பெரியோர் பலர் ஒரு கூட்டத்தின் பொருட்டு அழைக்கப்பட்டனர். அவர்களை அங்கு வரச் செய்தவர் கோபாலராவ் ஜோஷி என்பவர். மேனாட்டு மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷியின் கணவர் இவரே. கூட்டம் முடிந்ததும் வந்திருந்தோர்க்குத் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. சிலர் பருகினர், சிலர் மரியாதைக்காகக் கையில் வாங்கி வைத்தனர். வந்திருந்தோருள் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயும் பால கங்காதர திலகரும் இருந்தனர்.

சில நாள் கழித்து, அங்குச் சென்றோர் பெயர்ப் பட்டியல் ‘பூனா வைபவ்’ என்னும் செய்தித்தாளில் வெளிவந்தது. நகரமே கொதித்தது. கிறித்தவர் கையால் தேநீர் அருந்தியோரைச் சாதியினின்று விலக்க வேண்டும் என்று வைதிகர் முறையிட்டனர். வழக்கு சங்கராசாரியார் வரை சென்றது. அவர் பண்டிதர்களைக் கொண்டு விசாரணை நடத்தினார். திலகர் தாம் காசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டதாகக் கூறினார். ரானடே, நண்பர்களும் குடும்பத்தாரும் படும் இன்னலைக் கருதி, 1892இல் பிராயச்சித்தத்திற்கு இசைந்தார். அதனால் சீர்திருத்தக்காரரின் கண்டனத்திற்கும் ஆளானார்.

நாட்டிற்கே வழிகாட்டிய இருபெரும் தலைவர்கள், ஒரு குவளைத் தேநீரின் பொருட்டு ஈராண்டுக் காலம் விளக்கம் கூறிக்கொண்டிருந்தனர் என்பதை இன்று படிப்போர் நகைக்கலாம். ஆனால் நகைத்துவிட்டு அகல்வதற்குரிய செய்தி அன்று இது. கற்றோர்க்கே இந்நிலையாயின், ஊர்க் கிணற்றில் நீர் முகக்கவும் உரிமையற்றிருந்தோர் நிலை யாதாயிருக்கும்? இதே புனேயில் மகாத்மா ஜோதிராவ் புலே 1868ஆம் ஆண்டிலேயே தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டப்படாதார் எனப்பட்டோர்க்குத் திறந்துவிட்டார். தேநீர் வழக்குக்கு இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன்னர் அவர் செய்த செயல் அது. அதன் துணிவை இவ்வழக்கைக் கொண்டே அளந்தறிதல் வேண்டும்.

தண்டவாளமும் தண்டும்

பந்தியின் கட்டுகளை முதலில் தளர்த்தியவை இரண்டு: ஒன்று ராணுவத் தண்டு, மற்றொன்று நம் சோற்றுக்கு வழி செய்திருக்கும் ரயில்வே.

1803இல் ஆர்தர் வெல்லஸ்லி மைசூரிலிருந்து பூனாவுக்குப் படை நடத்தி வந்தபோது சென்னை மாகாணப் படையினரும் உடன் வந்தனர். 1817 நவம்பர் 5ஆம் நாள் கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்ற பின், நகருக்கு வெளியே ஆங்கிலேயர் தண்டுகளை அமைத்தனர். புனேயின் ‘கேம்ப்’ இவ்வாறு தோன்றியது. படைக்குப் பொருள் வழங்குவோரும் ஒப்பந்தக்காரரும் பணியாளருமாகத் தமிழரும் வந்து சேர்ந்தனர். இராஸ்தா பேட்டையில் கே.இ.எம். மருத்துவமனை அமைந்திருக்கும் சாலை இன்றும் சர்தார் முதலியார் பெயரால் வழங்குவது அப்பழந்தொடர்பை நினைவூட்டுகின்றது. 1869இல் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஏற்பட்டதும் நம்மவர் வரவு மேலும் பெருகியது.

ரயில் பாதை கண்டாலாவிலிருந்து புனேவுக்கு 1858இல் திறக்கப்பட்டது. போர்காட் மலைப்பாதை முடிவுற்றது 1863இல்தான். இடைப்பட்ட ஐந்தாண்டும் பயணிகள் மலைச்சரிவைப் பல்லக்கிலும் வண்டியிலும் கடந்தனர். 1871இல் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அன்று முதல் தமிழ்நாட்டிற்கும் புனேவுக்கும் இடையே இரும்பு வழி ஏற்பட்டது. அவ்வழியில் வருவோன் இரண்டு நாள் கட்டுச்சோற்றை நம்பியிருத்தல் அரிது. வழியில் எங்கேனும் உண்டே ஆகவேண்டும். பெட்டியிலே அருகில் அமர்ந்திருப்பவன் யார் என்று வினவுதற்கும் வகையில்லை.

ஆயினும் பழைய வழக்கம் ரயிலோடு ரயிலாக ஓடி வந்தது. வடநாட்டு நிலையங்களில் ‘இந்து நீர்’, ‘முஸ்லிம் நீர்’ என்று பிரித்து வைத்தனர். தென்னிந்திய ரயில்வேயின் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனர்க்கு ஓரிடமும் அல்லாதார்க்கு வேறோரிடமும் இருந்தன. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் காட்டிய எதிர்ப்பின் பின், 1941ஆம் ஆண்டில் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. ஒரே சீட்டு வாங்கி, ஒரே வண்டியில் வந்தவர்கள், உண்ணும் நேரத்தில் மட்டும் வேறு வேறு அறைக்குள் நுழைந்த கொடுமை எழுபதாண்டுகட்கு மேல் நீடித்திருந்தது என்பதை ரயில்வே ஊழியராகிய நாம் நாணத்தோடு நினைவுகூர வேண்டியிருக்கின்றது.

நம் புனேயின் பெருமைக்குரிய ‘டெக்கான் குவீன்’ 1930 ஜூன் 1ஆம் நாள் ஓடத் தொடங்கியது. வண்டியிலேயே மேசையிட்டு உணவு பரிமாறும் பெட்டி அதன் தனிச்சிறப்பு. 2022இல் புதிய பெட்டிகள் பூட்டப்பட்ட பின்னும் அச்சிறப்பு மாறவில்லை. ஆனால் தொடக்கத்தில் அவ்வண்டியில் முதல் இரண்டு வகுப்புகளே இருந்தன. மூன்றாம் வகுப்புப் பயணிகள் அதில் ஏறும் பேறு பெற்றது 1955 ஜூனில்தான். மூன்றாம் வகுப்பார்க்கோ அதுவரை மலையடிவாரத்துக் கர்ஜத் நிலையத்து வடையே விருந்து. போர்காட் ஏற்றத்தில் வண்டியைப் பின்னிருந்து தள்ளுதற்குத் துணை எஞ்சின்களைப் பூட்டும் பொருட்டுக் கர்ஜத்தில் வண்டிகள் நின்றாக வேண்டும். அந்த இடைவேளையே திவாட்கர் வடையைப் புகழ்பெறச் செய்தது. எஞ்சினுக்கு வேண்டிய ஓய்வு மனிதனுக்கு உணவாயிற்று!

ஈரானியர் மேசையும் கானாவளிப் பலகையும்

கேம்ப் பகுதியில் பார்சியரும் ஈரானியரும் உணவு விடுதிகளை நிறுவினர். 1878இல் தொடங்கிய தோராப்ஜி விடுதி இன்றும் பார்சி உணவுக்குப் பெயர் பெற்றது. பின்னர்ப் பாரசீகத்தின் யஸ்த், கெர்மான் பக்கங்களிலிருந்து வந்த ஈரானியர் பலர் பம்பாயிலும் புனேயிலும் தேநீர் விடுதிகளைத் திறந்தனர். பளிங்குக்கல் பதித்த மேசை, வளைந்த மரநாற்காலி, வெண்ணெய் தடவிய பன், கெட்டியான தேநீர் - இவ்வளவே அவர்தம் முதல். ஆனால் அவர்கள் செய்த பெரும்புரட்சி ஒன்றுண்டு. அவர்கள் இந்நாட்டுச் சாதிக் கணக்கில் எந்தப் பத்தியிலும் சேராதவர்கள். ஆகவே வருவோனின் சாதியை வினவும் வழக்கம் அவர்கட்கில்லை. காசு கொடுத்தவன் அமர்ந்தான். அமர்ந்தவனுக்கு எதிரில் அடுத்தவன் அமர்ந்தான். தேநீர் வழக்கில் பண்டிதர் பலர் கூடியும் தீர்க்க இயலாத சிக்கலைப் பளிங்கு மேசை ஓசையின்றித் தீர்த்து வைத்தது.

டெக்கான் ஜிம்கானாவில் உள்ள ‘கபே குட்லக்’ 1935இல் தொடங்கியது. அதே 1935இல் ஆற்றுக்கு இப்பால், பழைய பேட்டைகளின் நடுவே, லட்சுமி சாலையில் ‘பூனா கெஸ்ட் ஹவுஸ்’ தோன்றியது. அதனை நிறுவியவர் ஊமைப்பட இயக்குநரான நானாசாகேப் சர்போத்தார். ஒன்று பாரசீகத் தேநீரும் ரொட்டியும் அளித்தது. மற்றொன்று மராத்திய வீட்டுச் சாப்பாட்டை வீட்டுக்கு வெளியே அளித்தது. ஓராண்டில் பிறந்த இவ்விரண்டையும் நோக்குவார்க்கு, வெளியில் உண்ணுதல் புனேக்காரர்க்கு இழிவாகத் தோன்றிய காலம் மலையேறிவிட்டது என்பது விளங்கும்.

இவற்றிற்கு அடியில், பெயர்ப்பலகையும் இன்றி, ‘கானாவளி’ எனப்படும் மாதச் சாப்பாட்டு வீடுகள் இருந்தன. கணவனை இழந்த பெண்டிர் பலர் அவற்றை நடத்தித் தம் மக்களைக் காப்பாற்றினர். மாணவரும் குமாஸ்தாக்களும் தரையில் பலகையிட்டு அமர்ந்து உண்டனர். மாதுகரி கேட்டுத் திரிந்த மாணவனின் பேரன் கானாவளிக்கு மாதக் கணக்குத் தீர்த்தான் என்றால், அவன் தன்மானம் எவ்வளவு உயர்ந்திருக்கும்! தெருமுனைகளிலோ ‘அம்ருததுல்ய’ என்னும் பெயரால் தேநீர்க் கடைகள் பெருகின. அமுதுக்கு நிகர் என்பது அதன் பொருள். பித்தளைப் பாத்திரத்தில் இஞ்சியும் ஏலமும் இட்டுக் காய்ச்சும் அத்தேநீரைப் புனேக்குத் தந்தோர் பெரும்பாலும் இராசத்தானத்திலிருந்து வந்த குடும்பத்தினர். 1890இல் தீட்டு எனப்பட்ட தேநீர், அடுத்த தலைமுறையில் அமுதாகிவிட்டது.

‘மதராஸ்’ என்னும் பெயர்

இனி நம் இட்டிலி வந்த கதையைப் பார்ப்போம். பெர்கூசன் கல்லூரிச் சாலையில் உள்ள ‘வைசாலி’யையும் ‘ரூபாலி’யையும் அறியாதார் புனேயில் இல்லை. அவ்விரண்டையும் வளர்த்தவர், கார்களப் பகுதியிலிருந்து இளமையில் புனே வந்த ஜகந்நாத ஷெட்டி அவர்கள். 2023இல் அவர் மறைந்தபோது நகரமே வருந்தியது. 1951ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவ்விடுதிகளின் முதற்பெயர் யாது தெரியுமா? ரூபாலியின் பழம்பெயர் ‘கபே மதராஸ்’. வைசாலியின் பழம்பெயர் ‘மதராஸ் ஹெல்த் ஹோம்’.

துளு பேசும் ஒருவர் தம் விடுதிக்கு மதராஸ் என்று ஏன் பெயரிட வேண்டும் என்று நம்மவர் சிலர் வினவுவதுண்டு. ‘நம் பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டனர்’ என்று குறைகூறுவாரும் உளர். வரலாறு அறிந்தார் அவ்வாறு கூறார். உடுப்பியும் கார்களமும் அடங்கிய தென்கன்னட மாவட்டம் 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்ததே. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் அது மைசூரோடு இணைந்தது. ஆகவே 1951இல் கார்களத்துக்காரர் மதராஸ்காரரே. அப்பெயர்ப்பலகை பொய்யன்று, இரவலுமன்று.

பிற்காலத்தே மாநில எல்லை மாறியது, பலகையும் மாறியது, ஆனால் மராத்தியர் நாவில் ‘மதராஸி’ என்னும் சொல் மாறவில்லை. தமிழரும் தெலுங்கரும் கன்னடியரும் துளுவரும் மலையாளிகளும் அச்சொல்லுக்குள் ஒருங்கே அடங்கினர். அச்சொல்லால் அழைக்கப்பட்டு நாம் முகஞ்சுளித்த நாள்கள் உண்டு. ஆயினும் அச்சொல் ஒரு நன்மையும் செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் ஐந்து வேறு மக்களாக இருந்தோரை அது ஒரு விடுதியில் ஒரு மேசையில் அமர்த்தியது. ஊரில் சாதி கேட்டோர் இங்கு வந்து ‘எந்தப் பக்கம்?’ என்று மட்டும் கேட்கக் கற்றனர்.

சட்டமும் சோதனையும்

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் நுழைவதற்குச் சாதியோ சமயமோ தடையாகாது என்று விதித்தது. 1955 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனையும் வகுத்தது. டெக்கான் குவீனில் மூன்றாம் வகுப்புச் சேர்ந்ததும் அதே ஜூன் மாதத்தில் என்பது தற்செயலே எனினும் நினைவிற் கொள்ளத் தக்கது.

சட்டம் வந்ததும் மனம் மாறிவிடுமா? 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்னும் சொல் தாங்கிய முரளி கபேயின் பலகையை எதிர்த்துப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் மறியல் நடந்து, பலர் சிறை சென்ற பின்னரே அச்சொல் நீங்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வழக்கம் அதற்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. அந்த ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்தோர் நம்மிடையே பலர். அவர்கட்குப் புனேயின் ஒரே வகைக் கண்ணாடிக் குவளை எவ்வளவு பெரிய செய்தியாயிருந்திருக்கும் என்பதை மற்றவர் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உணவு விடுதிகளுக்கும் சோதனைகள் வந்தன. 1961 ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணையும், அதனைத் தொடர்ந்து கடக்வாஸ்லா அணையும் உடைந்து, ஆற்றோரப் பேட்டைகளும் டெக்கான் ஜிம்கானாவும் நீரில் மூழ்கின. 1965இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை தோறும் இரவு உணவைத் துறக்குமாறு வேண்ட, விடுதிகள் பல அவ்வேளையில் அடுப்பை அணைத்தன. 1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றியபின், தென்னாட்டாருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் உடுப்பி விடுதிகள் சில தாக்கப்பட்டன. அயலானிடம் சினம் கொள்வோன் முதலில் அவன் அடுப்பையே நாடுகின்றான் என்பதற்கு அது சான்று. 2010 பிப்ரவரி 13ஆம் நாள் கோரேகான் பார்க்கில் உள்ள ‘ஜெர்மன் பேக்கரி’யில் குண்டு வெடித்துப் பதினெழுவர் மாண்டதும் இவ்வரிசையில் சேரும். பல நாட்டார் கூடி உண்ணும் இடமாதலாலேயே அது குறியாயிற்று. ஆயினும் 2013இல் அவ்விடம் மீண்டும் திறந்தது. பழையபடி மக்கள் வந்து அமர்ந்தனர். பம்பாயிலும் தோசைக்கல் ஆறிவிடவில்லை.

நம் கசார்வாடி

காசார் என்பது பித்தளைப் பாத்திரமும் வளையலும் விற்போரைக் குறிக்கும் மராத்திச் சொல். பாத்திரத்தின் பெயரைத் தாங்கிய நம் ஊர், பல நாட்டார் சமையலும் கூடும் இடமானது பொருத்தமே. 1947க்குப் பின் சிந்து நாட்டிலிருந்து வீடிழந்து வந்தோர் அண்டையிலுள்ள பிம்பிரியில் குடியமர்த்தப்பட்டனர். வந்தவர்கள் கையேந்தாது கடை வைத்தனர். அவர்தம் தால்-பக்வான் இன்று நம் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சிற்றுண்டி. 1954இல் பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை ஏற்பட்டது. 1960களில் மோட்டார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்தன. 1982இல் பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியும் ஆயிற்று. நாசிக் பாட்டாவில் இருபெரும் சாலைகள் பிரிவதால், லாரிக்காரர்களுக்கெனப் பஞ்சாபியர் தாபாக்களும் வந்தன. 2022 மார்ச்சில் மெட்ரோ ரயிலும் நம் தலைக்கு மேல் ஓடத் தொடங்கியது.

தொழிற்சாலைக்கு வேலை தேடி வந்த நம் இளைஞர், ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்து, ஓரறையில் அறுவராகவும் எண்மராகவும் தங்கினர். அடுப்பு வைக்க இடமில்லை. அவர்களைக் காப்பாற்றியவை தமிழரும் மலையாளிகளும் நடத்திய சிறு ‘மெஸ்’கள். காலையில் சைக்கிளின் பின்னே அலுமினியப் பாத்திரம் கட்டி, ஊதுகுழல் ஒலித்து இட்டிலி விற்று வருவோரையும் நாம் அறிவோம். வைசாலியைப் பற்றி எழுதுவோர் பலர். இவர்களைப் பற்றி எழுதுவோர் இலர். ஆனால் முதல் மாதச் சம்பளம் வரும்வரை கணக்கில் சோறு போட்டவர்கள் இவர்களே. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமன்றோ!

அவர்தம் அருமை 2020இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது உணவு விடுதிகளும் மெஸ்களும் மூடப்பட்டன. வீடும் அடுப்பும் உடையோர்க்கு அது முடக்கம். கட்டில் வாடகைக்காரர்க்கு அது பட்டினி. மே 1ஆம் நாள் முதல் தொழிலாளர்க்கெனத் தனி ரயில்கள் ஓடின. அவற்றில் ஊர் திரும்பியோர் வேலையிழந்து மட்டும் போகவில்லை. உண்ண இடமிழந்தும் போயினர். சனவரி 26 அன்று மகாராட்டிர அரசு பத்து ரூபாய்க்குத் தொடங்கியிருந்த ‘சிவபோஜன்’ சாப்பாட்டை அக்காலத்தில் ஐந்து ரூபாய்க்கு அளித்தது. 2013இல் சென்னையில் தோன்றிய அம்மா உணவகத்தை நம்மவர்க்கு அது நினைவூட்டியது. விடுதிகளில் அமர்ந்து உண்ண மீண்டும் ஒப்புதல் கிடைத்தது அக்டோபர் 5ஆம் நாள்தான். உணவு விடுதி என்பது பொழுதுபோக்குக்குரிய இடம் என்று எண்ணியிருந்தோர், அது அயலூரில் வாழ்வோனுக்கு வீட்டின் பாதி என்பதை அந்த ஆறு மாதங்களில் கற்றனர்.

கொண்டதும் கொடுத்ததும்

இன்று மராத்தியர் இல்லங்களில் இட்டிலித் தட்டு இல்லாத வீடு அரிது. நம் வீடுகளிலோ போகாவும் மிசளும் விருந்தாகிவிட்டன. ஏகாதசிக்குச் சவ்வரிசிக் கிச்சடியும் வந்துவிட்டது. விடுப்பில் ஊருக்குச் செல்வோர் பாகர்வடியும், 1955இல் தொடங்கிய கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டும் இன்றி ரயிலேறுவதில்லை. திரும்பி வருங்கால் காப்பித்தூளும் அப்பளமும் கொணர்கின்றோம். சமையலறையில் கலந்துவிட்டோம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பந்தியில் கலந்துவிட்டோமா? இக்கட்டுரையின் வினா அதுவே. அயலார் விடுதியில், அயலார் ஊரில், யார் அருகிலும் அமர்ந்து உண்ணும் நாம், நம் இல்லத் திருமணத்திலும் நம் ஊர்த் திருவிழாவிலும் அவ்வாறே அமர்கின்றோமா? வாடகைக்கு வீடு விடுங்கால், ‘என்ன சமைப்பீர்கள்?’ என்னும் வினாவின் உள்ளே வேறொரு வினாவை ஒளித்து வைத்துக் கேட்பவருள் தமிழரும் இல்லையா? 1890இல் பெயர்ப்பட்டியல் அச்சிட்டோரை இன்று குறைகூறுதல் எளிது. நம் நெஞ்சினுள் இருக்கும் பட்டியலைக் கிழித்தெறிதலே அரிது.

ஈரானியரும் பார்சியரும், துளுவரும் சிந்தியரும், கானாவளி நடத்திய மராத்தியத் தாய்மாரும் காசுக்குச் சோறு விற்றவர்களே. நம் முன்னோர் அதனை இழிவென்றனர். ஆனால் அறச்சாலையில் கிட்டாத சமத்துவம் பலர்க்கு அந்த விலைச்சோற்றில் கிட்டியது. விற்றவர்கள் அளித்ததைக் கொடுப்பவர்களாகிய நாம் அளிக்கத் தவறலாமா?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவிலும் இலை போடப்படும். ஒரே பந்தியாகப் போடுவோம். மெஸ் நடத்தும் அன்பரையும், சைக்கிளில் இட்டிலி விற்கும் அன்பரையும், எதிர்வீட்டு மராத்திய அண்டையரையும் அப்பந்தியில் அமரச் செய்து நாம் பரிமாறுவோம். இந்நகரம் நமக்கு இட்ட சோற்றுக்கு நாம் செலுத்தத் தக்க கைம்மாறு அதுவே.